வாய் திறக்காத வகுப்பு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கச் செயலாளர் கேட்டபோது, பழந்தமிழ் நூல் ஒன்றிலிருந்து ஏதேனும் ஒரு பொருளை எடுத்து விரித்து எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அதற்குரிய புலமை உடையோர் இம்மலரில் வேறு பலர் இருக்கிறார்கள். நானோ பி.ஏ. படித்துவிட்டு இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தலைநகரில் கோப்புகளோடு காலந்தள்ளும் மத்திய அரசுக் குமாஸ்தா. எனக்குத் தெரிந்ததை எழுதுவதே முறை. ஆகவே, எங்கள் அலுவலகத்தில் நடந்த ஓர் ஆங்கில வகுப்பைப் பற்றியும், அதில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் எழுதத் துணிகிறேன். தமிழ்ச் சங்க மலரில் ஆங்கில வகுப்பைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. சற்றுப் பொறுத்துப் படித்தால், நம் வீட்டுக் கூடத்திலும் அந்த வகுப்பு நடந்துகொண்டிருப்பது தெரியும்.

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம். எங்கள் அலுவலகம் தில்லியில் மூன்று கட்டடங்களில் பிரிந்து கிடப்பது. ஊழியர் எல்லோரையும் ஓரிடத்தில் உட்கார்த்தி வைத்துப் பாடம் நடத்த இடமும் இல்லை, நேரமும் இல்லை. கொரோனாக் காலம் நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன காணொலிப் பழக்கம் கைவசம் இருந்தது. எனவே, கீழ்நிலை ஊழியர்களுக்கு இணையவழி ஆங்கிலப் பயிற்சி அளிப்பது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. செவ்வாயும் வியாழனும் மாலை 4 மணி முதல் 5 மணி வரை. மொத்தம் 14 வாரங்கள். ஆசிரியை புனேயிலிருந்து பேசுவார். 34 பேர் பெயர் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்பதைவிட, கொடுக்கப்பட்டார்கள் என்பது பொருந்தும்.

இதற்கு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டுமல்லவா? என் பெயரை எழுதிவிட்டார்கள். காரணம் கேட்டபோது எங்கள் பிரிவு அதிகாரி, "நீங்கள் மதராஸ்காரர், உங்களுக்கு ஆங்கிலம் பிறவியிலேயே வரும்" என்றார். தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில், பனையோலை வேய்ந்த பள்ளியில் தமிழ் வழியில் பத்து வகுப்புப் படித்தவன் நான். கல்லூரிக்குப் போன முதலாண்டில் ஆங்கிலப் பேராசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போது "எஸ் சார்" என்று சொல்லவே எனக்கு நெஞ்சு படபடக்கும். அதையெல்லாம் அதிகாரியிடம் விளக்குவதற்குள் ஆணை பிறந்துவிட்டது.

முதல் வகுப்பு மறக்க முடியாதது. கணினித் திரையில் 34 கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு பெயர். முகம் ஒன்றுகூட இல்லை. ஆசிரியை சிரித்த முகத்தோடு வணக்கம் கூறிவிட்டு, இன்று காலையில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அமைதி. மறுபடியும் கேட்டார். அமைதி. யாராவது ஒருவர், தயவு செய்து, என்றார். அப்போது ஒரு குரல் கணீரென்று கேட்டது. அடுத்த நிலையம் ராஜீவ் சௌக், கதவுகள் இடப்புறம் திறக்கும் என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அது அறிவித்தது. எவரோ ஒருவர் நான்கு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பி மெட்ரோவில் இருந்திருக்கிறார். ஒலிவாங்கியை அடைக்க மறந்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் எங்கள் வகுப்பில் இரு மொழியிலும் தெளிவாகப் பேசியது அந்த ரயில் ஒன்றுதான்.

இரண்டாம் வாரமும் அப்படியே கழிந்தது. பங்கேற்பு எவ்வளவு என்று வாரந்தோறும் அறிக்கை தர வேண்டும் என்பது எனக்கிட்ட பணி. குமாஸ்தா புத்தி எப்படி வேலை செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பட்டியல் தயாரித்தேன். வந்தவர், பேசியவர், பேசாதவர் என்று மூன்று பத்திகள். பேசாதவர் பத்தியில் 17 பெயர்கள் விழுந்தன. அதைச் சிவப்பு வண்ணமிட்டு, எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் போட்டு, "பேசாதவர்கள் அடுத்த வகுப்பில் கட்டாயம் பேச வேண்டும்" என்று ஒரு வரியும் சேர்த்தேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்குப் போய் மோர்க்குழம்பு சாப்பிட்டேன்.

அடுத்த வகுப்புக்கு 21 பேர் வந்தார்கள். அதற்கடுத்த வகுப்புக்கு 16.

வெள்ளிக்கிழமை காலையில் டைரிப் பிரிவு அம்மையார் என் மேசைக்கு வந்து நின்றார். அவருடைய கணவர் எங்கள் அலுவலகத்தில் என்னோடு பணியாற்றியவர். 2021ஆம் ஆண்டு ஏப்ரலில், அந்தக் கொடிய இரண்டாம் அலையில், ஒன்பதே நாளில் போய்விட்டார். கருணை அடிப்படையில் மனைவிக்கு வேலை கிடைத்தது. புலந்த்ஷஹர்ப் பக்கத்துக் கிராமத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை இந்தியில் படித்தவர். இந்தித் தட்டச்சில் நிமிடத்துக்கு 30 சொல் அடித்துத் தேர்வும் தேறிவிட்டார். வருகிற கடிதங்களுக்கு எண்ணிட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை; பிரிவின் தொலைபேசியும் அவர் மேசையில்தான். நண்பரின் மனைவி ஆகையால் நான் அவரை "பாபிஜி" என்றே அழைப்பேன். அவருக்கு நான் "பாயீ சாஹப்".

"பாயீ சாஹப், வகுப்பிலிருந்து என் பெயரை வெட்டிவிடுங்கள்" என்றார்.

பெயரை வெட்டுவதற்குக் கோப்பில் ஒப்புதல் பெற வேண்டும் என்று நான் சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் பெயர் சிவப்புப் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை பேருந்தில் வரும்போது, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய வேறொரு வகுப்பு என் கண்முன் வந்து நின்றது.

2003ஆம் ஆண்டில் நான் தில்லிக்கு வந்தேன். அப்போது எனக்கு இந்தியில் தெரிந்தவை எண்கள் பத்தும், திரைப்படத் தலைப்புகள் சிலவும். 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தா என்று அவ்விதிகளிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அந்த விலக்கு ஊருக்கே ஒழிய ஆளுக்கு அன்று. தில்லி அலுவலகத்தில் சேர்ந்த தமிழன் பிரபோத், பிரவீண், பிராக்யா என்று மூன்று படிகளையும் ஏறித்தான் ஆக வேண்டும். அலுவலக நேரத்திலேயே ஒரு மணி வகுப்பு. ஜனவரியில் தொடங்கினால் மே மாதம் தேர்வு. ஜூலையில் தொடங்கினால் நவம்பரில் தேர்வு. கடைசிப் படியில் தேறினால் 12 மாதங்களுக்கு ஓர் ஆண்டு உயர்வுக்குச் சமமான தொகை தனிச் சம்பளமாகக் கிடைக்கும். நம்மில் பலர் அந்தத் தொகையில் மிக்ஸியோ மிதிவண்டியோ வாங்கியிருப்போம்.

பிரபோத் வகுப்பில் ஒருநாள், உணவுப் பொருள் ஒன்றைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றார் ஆசிரியர். முந்தின நாள் பால் சாவடியில் ஒரு பெண்மணி "தஹீ கட்டீ ஹை" என்று சொல்லிச் சண்டை பிடித்ததை நான் கேட்டிருந்தேன். தயிர் புளிக்கிறது என்பது அதன் பொருள். காதால் கேட்டுக் கற்ற முதல் வாக்கியம். மிகுந்த பெருமையோடு எழுந்து சொன்னேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். "தயிர் ஆண்பால், தம்பி. தஹீ கட்டா ஹை" என்றார். தில்லித் தெருக்களில் பாதிப்பேர் தயிரைப் பெண்ணாகவே நடத்துகிறார்கள் என்பதும், இலக்கணத்தில்தான் அது ஆண் என்பதும் வெகுநாள் கழித்தே எனக்குத் தெரிந்தன. நம் மொழியில் தயிருக்கு ஏது ஆணும் பெண்ணும்? உயிரில்லாப் பொருளெல்லாம் ஒரே அஃறிணையில் நிம்மதியாக இருக்கும் மொழியிலிருந்து வந்தவனுக்கு, நாற்காலி பெண், கதவு ஆண் என்று நினைவில் வைத்துப் பேசுவது எத்தகைய துன்பம் என்பதை இம்மலர் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஆயினும் அன்று மூடிய என் வாய், அந்த ஐந்து மாதமும் வகுப்பில் திறக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். பேச்சுத் தேர்வுக்கு இருபது வாக்கியங்களை மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். பின்னர் உண்மையில் எனக்கு இந்தி கற்றுக்கொடுத்தவர் எங்கள் கட்டடத்து வாசலில் தேநீர் விற்ற முதியவர். நான் எதைச் சொன்னாலும் அவர் சிரித்ததில்லை. நான் தப்பாகச் சொன்ன வாக்கியத்தையே சரியாகத் திருப்பிச் சொல்லி, "அப்படியா?" என்று கேட்டுவிட்டுத் தேநீரை நீட்டுவார். திருத்தினார் என்பதே எனக்கு நெடுநாள் தெரியாது.

இவ்வளவையும் அனுபவித்த நான்தான் 17 பேருடைய பெயருக்குச் சிவப்பு மை பூசினேன். பேருந்தை விட்டிறங்கியதும் அந்தப் பட்டியலை நீக்க முயன்றேன். எல்லோரிடமிருந்தும் நீக்கும் வசதிக்குரிய காலம் கடந்துவிட்டது. அது இன்றும் அந்தக் குழுவில் மேலே எங்கோ கிடக்கிறது.

திங்கட்கிழமை முதல் வேறு வழிகளைப் பார்க்கலானேன். முதலில் ஆசிரியையோடு தொலைபேசியில் பேசினேன். இளவயதுப் பெண், ஆனால் தொழில் தெரிந்தவர். நான் குறை சொல்லப் போகிறேன் என்று அஞ்சியிருந்தார் போலும். இருவரும் குற்றவாளிகள் என்று தெரிந்ததும் பேச்சு இலகுவாயிற்று. அவர் ஒரு செய்தி சொன்னார். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தாராம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் விடைக்காகச் சராசரி ஒரு விநாடியளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டாராம். அதை 3 விநாடியாக நீட்டினாலே விடைகள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள் என்பது அவர் முடிவு. அடுத்த வகுப்பில் நான் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். எங்கள் ஆசிரியை இரண்டு விநாடி காத்தார்; நல்லவர்தாம். ஆனால் எங்கள் ஆட்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். கேள்வி புனேயிலிருந்து வந்து சேர வேண்டும். அது ஆங்கிலத்திலிருந்து இந்திக்குப் போக வேண்டும். விடை இந்தியில் பிறந்து ஆங்கிலத்துக்கு வர வேண்டும். அதற்குமேல் கைப்பேசியின் சிறு திரையில் ஒலிவாங்கியைத் திறக்கும் பொத்தானைப் பெருவிரலால் தேட வேண்டும். மூன்று விநாடி எம்மூலைக்கு? பத்து எண்ணும்வரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அந்தப் பத்து விநாடி மௌனம் இணையத்தில் எவ்வளவு நீளமானது என்பதைக் கேட்டவர்களே அறிவார்கள். ஆசிரியை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். அடுத்த நாள் கேட்கப் போகும் கேள்விகளை முந்தின நாளே குழுவில் அனுப்பவும் இசைந்தார். வாயால் சொல்ல அஞ்சுபவர் முதலில் எழுதிக் காட்டலாம், இந்தியில் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் சொல்லலாம் என்றும் ஏற்பாடாயிற்று.

இன்னொரு தடை இருந்தது. அதைச் சொல்லவே தயக்கமாயிருக்கிறது. எங்கள் துணை இயக்குநர் நல்ல மனிதர். ஊழியர்களை ஊக்கப்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் தாமே வந்து அமர்ந்துவிடுவார். 33 கறுப்புக் கட்டங்களுக்கு நடுவே அவருடைய முகம் ஒன்று மட்டும் ஒளி வீசும். எவரும் விடை சொல்லாதபோது பெருந்தன்மையோடு தாமே விடை சொல்வார், அழகான ஆங்கிலத்தில். ஆண்டறிக்கையில் தன்னைப்பற்றி எழுதப் போகும் அதிகாரியின் முன்னிலையில் எந்தக் கீழ்நிலை எழுத்தன் வாய் தடுமாறத் துணிவான்? இதை அவரிடம் சொல்ல வேண்டும். ஒரு யு.டி.சி. துணை இயக்குநரிடம் போய், நீங்கள் வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாள் மனத்துக்குள் வரைவு எழுதி எழுதி அடித்தேன். கடைசியில், "ஐயா, மாத முடிவில் பதிவுகளைத் தாங்கள் ஒருசேரப் பார்வையிட்டு மதிப்பிட்டால் முன்னேற்றம் தெளிவாகத் தெரியும், இடையிடையே பார்ப்பதால் தங்கள் நேரம் வீணாகிறது" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைச் சற்று நேரம் பார்த்தார். "ஆக, என்னை வெளியே போகச் சொல்கிறீர்" என்றார். நான் தரையைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். அன்றுமுதல் வகுப்பில் அவர் தலைகாட்டவில்லை.

பாடப் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பாடத்தில் விமான நிலையம் வந்தது, விடுதியில் அறை கேட்பது வந்தது, வாடிக்கையாளரை விருந்துக்கு அழைப்பது வந்தது. எங்கள் அலுவலகத்தில் எவன் வாடிக்கையாளரை விருந்துக்கு அழைக்கப் போகிறான்? எங்களுக்கு வேண்டியது வேறு. இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. இருபது ஆண்டு கோப்பெழுதிய குமாஸ்தாவின் கைக்கு ஆங்கிலம் மிக நன்றாகத் தெரியும். "சப்மிட்டட் ஃபார் கைண்ட் பெரூசல் அண்ட் அப்ரூவல் ப்ளீஸ்" என்று பச்சைத் தாளில் எழுதி எழுதி அந்தக் கை பழகிவிட்டது. இப்போது பச்சைத் தாள் போய் மின்கோப்பு வந்த பிறகும் விரல்கள் அதையே தட்டுகின்றன. கீழே கையெழுத்திட்டவர் இவ்வாறு பணிக்கப்பட்டுள்ளார் என்ற பொருளில் வரும் அந்த நீண்ட வாக்கியத்தை ஒரு பிழையின்றி எழுதும் மனிதரால், "எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் நான்கு சொல் சொல்ல முடிவதில்லை. ஆங்கிலம் எங்கள் கைக்கு வந்த மொழி, நாவுக்கு வந்ததன்று. கையில் இருப்பதை நாவுக்கு ஏற்ற வேண்டும் என்றால் விமான நிலையத்திலிருந்து தொடங்கிப் பயனில்லை.

ஆகவே நான் எங்கள் பிரிவுகளிலிருந்து வாக்கியங்களைத் திரட்டி ஆசிரியைக்கு அனுப்பினேன். ஐயா சுற்றுப்பயணம் போயிருக்கிறார். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. இணைப்பு வரவில்லை. நகல் தெளிவாக இல்லை, மறுபடி அனுப்புங்கள். கோப்பு மேலே போயிருக்கிறது. திங்கட்கிழமை கூப்பிடுங்கள். இவற்றை வைத்து அவர் பாடம் நடத்தத் தொடங்கியதும் கட்டங்கள் ஒவ்வொன்றாக அசையலாயின. முதலில் பேசியவர் ஓட்டுநர் ஒருவர். "சார் நாட் கம். சார் மீட்டிங்" என்றார். ஆசிரியை, தேநீர்க்கடை முதியவரைப் போலவே, "ஓ, ஐயா கூட்டத்தில் இருக்கிறாரா?" என்று முழு வாக்கியமாகத் திருப்பிக் கேட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார். நான் என் மேசையில் தனியே கைதட்டினேன்.

ஆனால் உண்மையான வகுப்பு திரையில் நடக்கவில்லை, புல்வெளியில் நடந்தது. தில்லிக் குளிர்காலத்தில் மதிய உணவு வேளையில் அரசு அலுவலகங்களின் புல்தரையைப் பார்த்திருப்பீர்கள். வெயில் விழும் இடமெல்லாம் ஊழியர்கள் வட்டம் வட்டமாக அமர்ந்து வேர்க்கடலை உடைப்பார்கள். கட்டடத்துக்குள் எலும்பைத் துளைக்கும் குளிர். வெளியே தாயின் மடிபோல் வெயில். டிசம்பர் தொடங்கியதும் நான் கால் கிலோ வேர்க்கடலையும் ஒரு துண்டுத் தாளுமாக அங்கே போய் உட்காரலானேன். இருவர் இருவராக வரச் சொன்னேன். ஒருவர் கூப்பிடுபவர், மற்றவர் எடுப்பவர்; கைப்பேசி கிடையாது, காதில் கையை வைத்துக்கொண்டால் போதும். மறுநாள் கேள்விக்கு ஒரே ஒரு வாக்கியம், அதை மட்டும் நாலு தரம். யாராவது சிரித்தால் கடலைக்குக் காசு அவர் தர வேண்டும் என்பது விதி. முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் பதினொருவர். ஓய்வுக்கு இரண்டே ஆண்டு இருந்த ஒருவர் எதற்கு இந்தப் பாடுபடுகிறார் என்று கேட்டேன். பேரன் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறான், அவன் பள்ளிக் குறிப்பேட்டில் ஆசிரியர் எழுதுவதை மருமகள் படித்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது என்றார். அவருக்காகப் பள்ளிக் குறிப்பேடும் எங்கள் பாடத்தில் சேர்ந்தது.

பாபிஜியை நான் அழைக்கவில்லை. அழைக்கும் தகுதியை இழந்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன். ஒருநாள் அவரே வந்து வட்டத்தின் ஓரத்தில் அமர்ந்து கடலை உடைத்தார், பேசவில்லை. நாலைந்து நாள் அப்படியே வந்து போனார். பிறகு ஒருநாள் எல்லோரும் எழுந்து போனபின், "பாயீ சாஹப், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றார். பிரிவுத் தொலைபேசியில் சில சமயம் ஒரு வயதான அம்மாளின் குரல் வருகிறதாம். ஆங்கிலத்தில் பென்ஷன், பென்ஷன் என்கிறதாம். பதில் சொல்லத் தெரியாமல் இவர் ஒலிவாங்கியை வைத்துவிடுகிறாராம். "மூன்று தடவை வைத்துவிட்டேன். எனக்கும் பென்ஷன் வருகிறது. அவர் நிலை எனக்குத் தெரியும். ஆனாலும் வைத்துவிட்டேன்" என்றார். அடுத்த முறை வந்தால் என்னிடம் கொடுங்கள் என்றேன். "நீங்கள் லீவில் இருந்தால்?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. எப்படிப்பட்ட ஆங்கிலம் என்று கேட்டேன். "உங்கள் ஆங்கிலம் மாதிரி இருக்கும்" என்றார்.

மறுநாள் முதல் அவர் காதில் கையை வைத்துக்கொண்டு பழகலானார். அந்தச் சிவப்புப் பட்டியலுக்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இதற்கு நடுவே வீட்டில் ஒன்று நிகழ்ந்தது. என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊரிலிருந்து என் தாயார் தொலைபேசியில் பேசுவார். சில மாதங்களாக அந்த நேரத்தில் பெண்ணுக்குப் படிப்பு வந்துவிடும், தலைவலி வந்துவிடும், தோழி வந்துவிடுவாள். தமிழின்மேல் பற்றில்லாமல் போயிற்றே என்று நான் வருந்திக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிறு வற்புறுத்திப் பேசச் சொன்னேன். "பாட்டி, நீங்க எப்போ வரும்?" என்றாள். மறுமுனையில் அம்மாவும் அத்தைமாரும் விழுந்து விழுந்து சிரிப்பது எனக்கே கேட்டது. நானும் பக்கத்திலிருந்து, "வரும் இல்லை, வருவீங்க" என்றேன். அடுத்து அவள் "பழம்" என்றபோது ழகரத்தைத் திருத்தினேன். மூன்றாவது வாக்கியத்துக்கு அவள் கைப்பேசியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று காலைதான் ஆசிரியைக்கு, திருத்தாமல் பத்து எண்ணுங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு, அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிட்டு, கைப்பேசியை மகளிடம் கொடுத்து நான் மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டேன். அவர்கள் என்ன பேசினார்கள், எத்தனை பிழையோடு பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. கீழே வந்தபோது பேச்சு இன்னும் முடியவில்லை. நம் சங்கத்துத் தமிழ் வகுப்பில் பின்வரிசையில் வாய் திறக்காமல் அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் குறைபடும்போதெல்லாம், அந்தப் பிள்ளைகளைப் பார்த்து முதலில் சிரித்தவர் யார் என்று கேட்க எனக்கு வாய் வரும், கேட்டதில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

வகுப்பைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்வதும் தவறு. பாராளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்த நாட்களில் நான்கு மணிக்குத்தான் கேள்விகளுக்கு விடை தேடும் அவசரம் வரும். பாதிப்பேர் எழுந்து ஓடிவிடுவார்கள். கடைசி வரை வாய் திறக்காதவர் 9 பேர். சான்றிதழுக்காகத்தான் வந்தேன் என்று ஒருவர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, சொன்னாரே. இறுதியில் பேசியவர், பேசாதவர் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சான்றிதழ் வந்தது. நான் அனுப்பிய கடைசி அறிக்கையில் பெயர்கள் இல்லை. எண்கள் மட்டும் இருந்தன. பெயர் இல்லாத அறிக்கை முழுமையற்றது என்று மேலிருந்து ஒரு குறிப்பு வந்தது. அதற்கு இன்னும் நான் விடை எழுதவில்லை.

2023 பிப்ரவரியில், வகுப்பு முடிவதற்கு ஒரு வாரம் முன்பு, முற்பகலில் பாபிஜியின் மேசைத் தொலைபேசி ஒலித்தது. எடுத்தார். ஒரு நொடியில் அவர் முகம் மாறியதிலிருந்தே அந்தக் குரல்தான் என்று தெரிந்துகொண்டேன். அவர் இடக்கையால் பதிவேட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எஸ். ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி" என்றார். பிறகு நெடுநேரம் கேட்டார்.

செய்தி இதுதான் என்று பின்னால் தெரிந்தது. எங்கள் துறைக்குச் சென்னையில் முன்னொரு கிளை இருந்தது; அது மூடப்பட்டபின் பழைய கோப்புகள் தில்லிக்கு வந்துவிட்டன. அங்கே பணியாற்றி மறைந்த ஒருவரின் மனைவி, திருவாரூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருப்பவர். குடும்ப ஓய்வூதியம் பெறுபவருக்கு 80 வயது நிறைந்தால் கூடுதலாக 20 விழுக்காடு உண்டு. பழைய ஓய்வூதிய ஆணைகள் பலவற்றைப் போல அவருடைய ஆணையிலும் மனைவியின் பிறந்த தேதி எழுதப்படவில்லை. தேதி இல்லாததால் வங்கி கூடுதல் தொகையைத் தரவில்லை. அதற்காகத்தான் அந்த அம்மாள் மாதக்கணக்கில் தில்லியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எஸ் அம்மா. யுவர் லெட்டர் கேம்" என்றார் பாபிஜி. அம்மா என்ற சொல் மறுமுனையிலிருந்து அடிக்கடி வந்திருக்க வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கூப்பிடுபவர் நம் ஊர்க்காரர். நான் வாங்கித் தமிழில் பேசினால் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். எழுந்து போய் ஒலிவாங்கிக்காகக் கையை நீட்டினேன். பாபிஜி என்னைப் பார்க்காமலே உள்ளங்கையை உயர்த்தி, நில் என்பதுபோல் காட்டினார்.

நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

"டேட் ஆஃப் பர்த் பேப்பர் நாட் கேம், அம்மா. யூ செண்ட். ஆதார் காப்பி செண்ட். ஐ ரைட் டைரி நம்பர், யூ ஆல்ஸோ ரைட்." எண்ணை ஒவ்வோர் இலக்கமாக மும்முறை சொன்னார். மறுமுனை திருப்பிச் சொல்ல, "எஸ், எஸ்" என்றார். "மண்டே நாட். நெக்ஸ்ட் மண்டே கால். மை டேபிள் ஃபோன். ஐ ஆம் ஹியர்." சுவர்க் கடிகாரத்தின்படி பதினொரு நிமிடம் ஆயிற்று.

ஒலிவாங்கியை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குளிரில் வியர்த்திருந்தது. பதிவேட்டில் ஏதோ எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாயீ சாஹப், கடைசியில் அந்த அம்மாள் 'சரிம்மா, சரிம்மா' என்று நாலு தரம் சொன்னார். அது எந்த இங்கிலீஷ்? வகுப்பில் வரவில்லையே?" என்று கேட்டார்.

அது இங்கிலீஷ் இல்லை, எங்கள் ஊர்ப் பேச்சு, "டீக் ஹை" என்று பொருள் என்றேன்.

அவர் அதையும் பதிவேட்டின் ஓரத்தில் தேவநாகரியில் எழுதி வைத்துக்கொண்டார்.